அண்ணன் படகில் கசிந்த நீர்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆடி மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு எங்கள் ஊரான அடி அண்ணாமலை வரை வந்து, எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணியின் சார்பிலும் என் சார்பிலும் முதலில் வணக்கம். அண்ணனைக் கட்டிலிலும் படகிலும் மட்டுமே பார்த்தவர்கள் உங்களில் பலர். அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதிலிருந்து இந்த நினைவு மலரில் தொடங்குகிறேன்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊரில்தான். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், மீசை அரும்பும் முன்பே ஏர் பிடித்தார். என்னைப் படிக்க வைத்ததும், டவுனில் நல்ல இடம் பார்த்துக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். உடம்பில் அப்படி ஒரு வலு. சுற்றுப்பட்டில் எங்கே கிணறு தோண்டினாலும் அவரைத் தேடி ஆள் வரும். அவரோடு எப்போதும் போகிறவர் ஏகாம்பரம் அண்ணன். ஒரே தெருவில் பிறந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருவர் கிணற்றுக்குள் இறங்கினால் மற்றவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை தொடர்ந்து பொய்த்தது. எங்கள் கிணறும் வற்றியது. அண்ணனுக்குத் திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. சொந்தக் கிணற்றை ஆழப்படுத்த இருவரும் இறங்கினார்கள். ஒரு நாள் வேலை முடிந்து அண்ணன் கயிற்றில் மேலே வந்துகொண்டிருந்தபோது, கிணற்று விளிம்பை எட்டும் நேரத்தில் கயிறு அறுந்தது. அடியில் வெட்டிப் போட்டிருந்த பாறைத் துண்டுகளின் மேல் மல்லாந்து விழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. காலில் எறும்பு கடித்தாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. சிறுநீர் பிரிவதும் அவருக்குத் தெரியாது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அண்ணன் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது.

அண்ணியின் தாய் வீட்டார் வந்து அவரை அழைத்துப்போகப் பார்த்தார்கள். இருபது வயதுப் பெண்ணை இந்த நிலைமையில் விட்டுவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? அண்ணி அவர்களுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "நான் வந்துட்டா இவர இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் போடறது யாரும்மா? ஒரே பக்கமா படுத்தா புண்ணு வந்துடும்னு டாக்டரு சொல்லி அனுப்பியிருக்காரு. நீங்க போய்ட்டு வாங்க."

அண்ணன் யாருடனும் பேசாமல் கிடந்த காலம் அது. நனைந்த துணியை மாற்றும்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் ஏகாம்பரம் அண்ணன் பார்க்க வந்திருந்தபோது, அண்ணி காதில் விழாது என்று நினைத்து அவரிடம், "டேய், ஒரு உதவி செய்வியா? என்னைத் தூக்கினு போய் அதே கெணத்துல போட்டுடுடா" என்றார். ஏகாம்பரம் அண்ணன் எழுந்து வெளியே போய், மாட்டுக் கொட்டகையில் நின்று அழுததை நான் பார்த்தேன்.

குடும்பத்தை நடத்த அண்ணி செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனார். அங்கே தங்க வந்த ஒருவர் தன் நாட்டிலிருந்து வேனிலேயே வந்திருந்தார். வேனின் கூரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படகைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நம் ஊரில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவரைக்காய் போல நீண்டு, இரு முனையும் கூம்பி, மேலேயும் மூடியிருக்கும். நடுவில் ஒரே ஒருவர் உட்கார மட்டும் திறப்பு. கண்ணாடி நாரும் ரெசின் என்னும் பிசினும் சேர்த்துச் செய்த ஃபைபர் படகு. துடுப்புக்கு இரண்டு பக்கமும் மட்டை. அந்த ஆண்டு நல்ல மழை. எங்கள் ஊர் ஏரி நிரம்பியதும் அவர் படகை இறக்கி ஓட்டினார். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணி மட்டும் வேறொன்றைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"இன்னாங்க, கேளுங்க. அந்தப் படகுல காலுக்கு வேலையே இல்ல. காலு உள்ள சும்மா நீட்டிக்கினு கெடக்குது. கைதான் எல்லாம் செய்யுது. உங்க கை நல்லாத்தானே இருக்குது?"

அண்ணன் அவரை வெறித்துப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு?" என்றார். ஆனால் அன்று சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

அந்த வெளிநாட்டுக்காரர் நல்ல மனிதர். அண்ணி கேட்டதும் வீட்டுக்கே வந்தார். அண்ணனை ஏரிக்குத் தூக்கிப்போய்ப் படகில் உட்கார வைத்து, கவிழாமல் இடுப்புக்கு எப்படி முட்டுக்கொடுத்து வைப்பது, துடுப்பை எப்படித் திருப்புவது என்று காட்டிக் கொடுத்தார். ஏகாம்பரம் அண்ணன் பக்கத்திலேயே நீந்திக்கொண்டு வருவார். சில வாரங்களில் அண்ணன் தனியாக ஏரியின் அக்கரை வரை போய் வந்தார். வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது வேனை விற்றார். படகை விற்கவில்லை. "இது இவருது" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் ஏகாம்பரம் அண்ணன் பேசி அனுமதி வாங்கினார். அண்ணன் வலை விரிக்கக் கற்றுக்கொண்டார். கெண்டை, ஜிலேபி, விரால் மீன்களைக் கொண்டு வருவார். அண்ணி கூடையில் எடுத்துப் போய் விற்பார். கரையில் அவரை இரண்டு பேர் தூக்க வேண்டும். தண்ணீருக்குள் போய்விட்டால் அவரை யாரும் தூக்க வேண்டியதில்லை. நான் பிள்ளைகளோடு வரும்போது, படகிலிருந்தபடியே துடுப்பை உயர்த்திக் காட்டுவார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஏரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அண்ணனின் வேட்டி நனைந்திருந்தது. துடுப்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான் என்று அண்ணி நினைத்தார். அண்ணன் வேறு விதமாக நினைத்தார். தன் உடம்புதான் சிறுநீர் விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று நினைத்தார். கரையில் நாலு பேர் நிற்கும் இடத்தில் அப்படித் தூக்கப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். ஏரிக்குப் போகும் நாளில் கஞ்சியைக்கூடத் தொடமாட்டார். சித்திரை வெயிலில் அந்த நடு ஏரியில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருக்கும். கேட்டால், "தாகம் இல்ல" என்பார்.

ஈரத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்ததால் உட்காருமிடத்தில் புண் வந்தது. அது அவருக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அண்ணி பார்த்தபோது அது விரல் நுழையும் அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. டாக்டர் மருந்து கொடுத்து, "நனையாம பாத்துக்கணும். புண்ணு உள்ள இறங்கினா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அண்ணன் குடிக்கும் கொஞ்சத் தண்ணீரையும் நிறுத்தப் பார்த்தார்.

புண்ணோடு அவர் ஏரிக்குப் போய் வந்த ஒரு நாள் நானும் வீட்டில் இருந்தேன். பிற்பகல் வெயில். ஏரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி, அண்ணி ஈர வேட்டியை உருவினார். அண்ணன் திடீரென்று குரல் உடைந்து கத்தினார்.

"நேத்திலேருந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல! ஒரு சொட்டு! அப்பவும் நனைஞ்சிருக்குதே, இது எங்கேருந்துதான் வருது? நான் இன்னும் இன்னாதான் செய்யட்டும்?"

அண்ணி அப்படியே நின்றார். "நேத்திலேருந்து குடிக்கலியா?" என்று கேட்டார். பிறகு கையிலிருந்த வேட்டியை மெல்ல முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் மறுபடியும் மோந்தார். என்னிடம் நீட்டினார். பாசி வாடை. சேற்று வாடை. வேறு எதுவும் இல்லை.

"இது ஏரித் தண்ணிங்க" என்றார் அண்ணி. "உங்க உடம்பு இல்லீங்க. படகு ஒழுகுது."

"எனக்காக சொல்றியா?"

"நீங்களே மோந்து பாருங்க."

அண்ணன் வேட்டியை வாங்கி முகத்தில் வைத்தார். எடுக்கவேயில்லை. அதற்குள்ளேயே முகம் புதைத்து அழுதார். எங்கள் அண்ணன் சத்தமாக அழுதது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வந்து அவர் வாயில் வைத்தார். அப்போதுதான் அண்ணிக்கு மற்றொன்று உறைத்திருக்க வேண்டும்.  "உள்ள எவ்ளோ தண்ணி ஏறினாலும் உங்களுக்குத் தெரியாதே. நடு ஏரில முழுகினா மார்ல படறப்பதானே தெரியும்" என்றார்.

மறுநாளே ஏகாம்பரம் அண்ணன் வந்தார். அப்போது அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். படகின் அடியில் கண்ணுக்குத் தெரிந்த கீறல்கள் எல்லாவற்றிலும் தாரைக் காய்ச்சிப் பூசினார்கள். அடுத்த முறையும் வேட்டி நனைந்தது. படகை இரண்டு வைக்கோல் மூட்டைகளின் மேல் தூக்கி வைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளேயிருந்து வெளியே ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், வெளியேயிருந்து உள்ளே வரும் இடமும் அதுதானே. நாங்கள் குனிந்து குனிந்து பார்த்தோம். பொழுது சாயும் வரை அடியில் ஒரு துளி இல்லை.

ஏகாம்பரம் அண்ணன் முதுகை நிமிர்த்தி, "படகு நல்லாத்தான் இருக்குதுடா" என்றார்.

அவர் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். அண்ணனின் முகம் செத்துப் போனது. படகு நன்றாக இருந்தால் கெட்டது எது? அன்று இரவு கொடுத்த தண்ணீரைத் தள்ளிவிட்டார். மறுநாளும் குடிக்கவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. காய்ச்சல் வந்தது. அண்ணி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "நான்தான் மோந்து பாத்தேன் இல்ல? என் மூக்கு பொய் சொல்லுமா?" என்று மன்றாடினார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நாட்களில் அவரை இழந்துவிடுவோம் என்றே நான் நினைத்தேன். புண்ணாலோ காய்ச்சலாலோ அல்ல. அவமானத்தால்.

காய்ச்சல் சற்றுத் தணிந்த ஒரு காலையில் அண்ணனே பேசினார். வாசலில் கிடந்த படகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலியா இருக்கறப்ப ஒழுகலன்னா, ஆளு இருக்கறப்ப ஒழுகாதுன்னு யாரு சொன்னது? அதுமேல பாரம் ஏத்திப் பாருங்க."

ஏகாம்பரம் அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். மறுபடியும் படகை மூட்டைகளின் மேல் வைத்தோம். இம்முறை அடிப்பாகத்தைத் துடைத்துக் காய வைத்து, கோலமாவை எடுத்து நான் முழுக்கத் தூவித் தேய்த்தேன். ஆரஞ்சு நிறமே தெரியவில்லை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஏகாம்பரம் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். நானும் அண்ணியும் தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தோம். ஒன்றும் இல்லை.

கட்டிலிலிருந்து அண்ணன் சொன்னார்: "சும்மா உக்காந்துக்கினு இருந்தா? துடுப்பு போடற மாதிரி ஆடு."

ஏகாம்பரம் அண்ணன் இடமும் வலமுமாக உடம்பை ஆட்டினார். உட்காருமிடத்துக்கு நேர் கீழே, வெள்ளை மாவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அவர் சாயச் சாய அது நீண்டது. அவர் நின்றதும் அதுவும் நின்றது. பிறகு ஒரு சொட்டு அண்ணியின் நெற்றியில் விழுந்தது.

"ஒழுகுது! ஒழுகுதுங்க!" என்று அண்ணி போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. படகு ஓட்டையாக இருப்பதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

ஒரு சாண் நீள விரிசல். ஆள் உட்கார்ந்து அசைந்தால் வாய் திறக்கும், அசைவு நின்றால் மூடிக்கொள்ளும். எப்படி வந்தது என்பதையும் அண்ணியே கண்டுபிடித்தார். துறையில் தண்ணீர் ஓரமாக ஒரு கல் உண்டு. நிலையாக இருக்கட்டும் என்று படகை அதன் மேல் வைத்துத்தான் நாள்தோறும் அண்ணனை ஏற்றுவார்கள். பாரத்தோடு கல்லில் அழுந்தி அழுந்தி அந்த இடம் தெறித்துவிட்டது. அப்படி வைக்கச் சொன்ன ஏகாம்பரம் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "உட்றா, நீ தெரிஞ்சா செஞ்ச?" என்று அண்ணன்தான் தேற்றினார்.

அசைகிற விரிசலில் தார் நிற்காது. ஏகாம்பரம் அண்ணன் மெட்ராசுக்கு லோடு ஏற்றிப் போனபோது, ஃபைபர் சாமான் செய்கிற ஒரு பட்டறையில் விசாரித்து, ரெசினும் அதை இறுக்கும் மருந்தும் கண்ணாடி நார்த் துணியும் வாங்கி வந்தார். அவசரம் அவசரமாக ஒட்டினோம். கல் போல இறுகியது. ஒரு வாரத்தில் புண்ணின் பொருக்கு உரிவதுபோல முழுதாக உரிந்து வந்துவிட்டது. உள் அடுக்குகளில் ஊறியிருந்த ஈரம் போகாமல் ஒட்டினால் பிடிக்காது என்று அடுத்த லோடுக்குப் போனபோது பட்டறையில் சொல்லி அனுப்பினார்கள். முழுக்கக் காய வேண்டும். எத்தனை வாரமானாலும் தண்ணீரில் இறக்கக் கூடாது.

அதற்குள் அண்ணனின் புண் எலும்பு வரை போய்விட்டது. இனி உட்காரவே கூடாது, குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கோடை முழுவதும் வாசலில் படகும் உள்ளே அண்ணனும் குப்புறக் கிடந்தார்கள். வருமானம் நின்றது. அண்ணி மறுபடியும் பாத்திரம் தேய்க்கப் போனார். காலையும் மாலையும் புண்ணைக் கழுவிக் கட்டுவார். வெயில் திரும்பும் பக்கம் படகைத் திருப்பி வைப்பார். புண்ணிலிருந்து வாடை வந்த நாட்களில் அண்ணன், "என்னை உட்டுட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போய்டு" என்பார். அண்ணி, "வாய மூடிக்கினு தண்ணிய குடிங்க. ஜாஸ்தி குடிக்கணும்னு டாக்டரு சொன்னாரு" என்பார்.

ஆடிக் காற்றில் புண் ஆற ஆரம்பித்தது. அடியிலிருந்து சிவந்த சதை வளர்ந்து மூடிக்கொண்டு வந்தது. படகும் காய்ந்துவிட்டிருந்தது. விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் இரு முனையிலும் சிறு துளை போட்டார் ஏகாம்பரம் அண்ணன். விரிசலை அரத்தால் அகட்டினார். சுற்றிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். படகைக் கட்டிலின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். குப்புறப் படுத்தபடியே கையைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் தேய்த்தார். பிறகு ரெசின், துணி, மேலும் ரெசின், அதைவிடப் பெரிய துணி. வெளியே ஆனதும் உள்ளேயும் அதேபோல.

ஐப்பசி மழையில் ஏரி ததும்பியது; அதற்குள் புண்ணும் மூடிவிட்டிருந்தது. அண்ணி இம்முறை கல்லின் பக்கமே போகவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மிதக்கிற படகைப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் அண்ணன் அண்ணனைத் தூக்கிவந்து இறக்கினார். அண்ணன் துடுப்பு போட்டுக்கொண்டு நடு ஏரிக்குப் போனார். நாங்கள் கரையில் நின்றோம்.  நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்ததும், அண்ணி ஒன்றும் கேட்காமல் அவருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்துப் பார்த்தார்.

"காஞ்சி கெடக்குதுங்க" என்றார். 

அதன் பிறகு அண்ணனுக்குக் கிடைத்தவை நல்ல ஆண்டுகள். ஒவ்வொரு கோடையிலும் படகைக் கவிழ்த்து, மாவு தூவி, ஆளை ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குவார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்துக்கு வாசலில் மோர்ப்பானை வைத்து, கட்டிலில் அமர்ந்து அவரே ஊற்றிக் கொடுப்பார். என் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாதே என்று கவலைப்பட்டு, ஏகாம்பரம் அண்ணனைக் கொண்டு கற்றுக் கொடுக்க வைத்தார்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் முகமும் கையும் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதுகு அடிபட்டவர்களுக்கு அப்படி வருவதுண்டு என்றும், தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் சேர்ந்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட அண்ணி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் தலையை மோதிக்கொண்டார். "மொதல் நாளே மோந்து பாத்திருக்கக் கூடாதா நான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் அவரை அருகே அழைத்து, "நீ பாத்ததாலதான் இவ்ளோ நாளு இருந்தேன். அழுவாத" என்றார்.

வீட்டுக்கே போய்விடலாம் என்று கேட்டு வந்துவிட்டார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு பிற்பகல் என் கையையும் அண்ணியின் கையையும் பிடித்துக்கொண்டு, தெளிவாக ஒன்றைச் சொன்னார்: "என்னைக் குளிப்பாட்டறப்ப நல்லா துவட்டிட்டு எடுத்துக்கினு போங்க." அன்று மாலை மலையில் வெயில் இறங்கும் நேரத்தில் உயிர் பிரிந்தது. குளிப்பாட்டிய பிறகு அண்ணி யாரையும் கிட்டே விடாமல், தன் கையால், தலையிலிருந்து கால் வரை ஈரம் இல்லாமல் துடைத்தார். நேரமாகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணி அவசரப்படவில்லை.

அண்ணனைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்து, கடைசிப் பயணத்திலும் முன்னால் தோள் கொடுத்த ஏகாம்பரம் அண்ணனுக்கு நாங்கள் நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறோம். படகைக் கொடுத்துவிட்டு முகவரி கொடுக்காமல் போன அந்த வெளிநாட்டுக்காரருக்கும், முகம் காணாமலே வழி சொல்லிக் கொடுத்த மெட்ராஸ் பட்டறைக்காரர்களுக்கும், புண் ஆறும்வரை வீடு தேடி வந்த டாக்டருக்கும், அண்ணி வேலைக்குப் போன நேரங்களில் அண்ணனைத் திருப்பிப் படுக்க வைத்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், ஓராண்டாக அண்ணியைத் தனியே விடாத உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நானும் தயங்கி அண்ணியிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எழுது. எந்த ஊட்லயாவது இவர மாதிரி ஒருத்தர் படுத்துக்கினு இருப்பாரு. நனைஞ்சிருக்குதா, தாகமா இருக்குதான்னு அவங்களே வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. நாமதான் கேக்கணும். கூச்சப்படாம கேக்கச் சொல்லி எழுது."